மந்திரம் இல்லாத நாட்டில் ஒரு கொள்ளைநோய்: சிறுவர் நாவல் எழுதப் புதிதாக வருவோருக்கு

யாழ்ப்பாணத்தில் சாதியைத் தொட்டு ஒரு கதை எழுதினால், வாசிக்கிற பெரியவர் முதற் பக்கத்திலேயே கேட்பது, "இது எந்த ஊர், ஆரைச் சொல்லுது?" என்றுதான். ஊர் பிடிபட்டதும் கதையை விட்டுவிட்டுக் கட்சி எடுத்துவிடுவார். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கட்சி இன்னும் ஊறவில்லை. வீட்டில் காதில் விழுந்த அரைகுறைச் சொற்கள்தான் இருக்கும். இல்லாத ஒரு நாட்டை உண்டாக்கி அதற்குள் கதையை வைத்தால், யார் பக்கம் நிற்பது என்று பிள்ளை தானே பார்த்துத் தீர்மானிக்க ஐந்தாறு அத்தியாயம் அவகாசம் கிடைக்கும்.

மந்திரத்தை விலக்கச் சொல்வதற்குக் காரணம் வேறு. மந்திரம் இருந்தால் நோய்க்குச் சாபம் காரணமாகலாம், ஒரு மூலிகை ஒரே இரவில் ஊரைக் காப்பாற்றலாம். நோய் என்றால் சாபம் என்ற எண்ணத்திலிருந்துதான் "அவங்கள் செய்த பாவம்" என்ற பேச்சே பிறக்கிறது. அந்தப் பேச்சை உடைக்க வந்த கதை அதே அத்திவாரத்தில் நிற்கக்கூடாது. ஆகவே கல், கடல், மழை, கிருமி எல்லாம் நம் உலகத்தில் நடப்பதுபோலவே நடக்கட்டும். நாட்டின் பெயர், சட்டம், சாப்பாடு, நாட்காட்டி, யார் மேல் யார் கீழ் என்பவை மட்டும் உங்கள் கற்பனை.

இந்த வகை நாவலுக்கு எழுத்துவேலைக்கு முன் இரண்டு படம் கீற வேண்டும். ஒன்று நோய் போன வழி. மற்றது பழி போன வழி. இரண்டு படமும் பொருந்தாத இடங்களில்தான் உங்கள் அத்தியாயங்கள் இருக்கின்றன. புதிதாக எழுதுவோர் அநேகமாக இரண்டாவதை மட்டும் கீறுவார்கள். நோயை, எங்கே அழுகை வேண்டுமோ அங்கே கொண்டுபோய் விடுவார்கள். பத்து வயதுப் பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிடும். "அந்த வீட்டில ஏன் ஒருத்தருக்கும் வரேல்ல?" என்று ஒரு கேள்வி கேட்டால் கதை சரிந்துவிடும்.

அளவு

வாசகர் தரம் 4 முதல் 8 வரை. தரம் 5 பிள்ளையைக் கணக்கில் எடுக்காமல் விட்டாலும் குற்றமில்லை. புலமைப்பரிசில் முடியும் வரை கதைப்புத்தகத்தை யார் கையில் கொடுக்கப்போகிறார்கள்? ஆங்கிலத்தில் இந்த வயதுக்கான நாவல் 40,000, 50,000 சொல் போகும். தமிழில் உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே கதை 30,000 சொல்லுக்குள் அடங்கும். முதல் நாவலுக்கு 24 அத்தியாயம், ஒவ்வொன்றும் 1,000 முதல் 1,200 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அத்தியாயத்தை உரக்க வாசிக்கப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அதற்கு மேல் போனால் சின்னவர்கள் நெளியத் தொடங்குவார்கள்.

நோயைத் தெரிவுசெய்தல்

நோய்தான் கதையின் நேரத்தையும் இடத்தையும் தீர்மானிக்கிறது. அதனால் "ஏதோ ஒரு காய்ச்சல்" என்று விடவேண்டாம். உண்மையான ஒரு நோயை மாதிரியாக எடுத்து, அதன் நடத்தையை மாற்றாமல், பெயரை மட்டும் மாற்றுங்கள்.

பெரியம்மைபோன்ற நோய் என்றால், தொற்றியதிலிருந்து காய்ச்சல் வரப் பெரும்பாலும் 10 முதல் 14 நாள். பிழைத்தவருக்குத் திரும்ப வராது. இதில் நல்ல கதை ஒன்று இருக்கிறது: முன்னொரு காலம் நோய் கண்டு பிழைத்த தழும்பு முகத்தவர்தான் இப்போது பயமில்லாமல் நோயாளியைத் தொடக்கூடியவர். தொழுநோய்போன்றது என்றால் அரும்புகாலம் சராசரி ஐந்து வருடம், சிலரில் இருபது வருடம்கூட. ஆகவே அங்கே கொள்ளைநோயின் ஓட்டம் இருக்காது, ஒதுக்கிவைத்தலின் நீளம்தான் இருக்கும். டெங்குபோன்றது என்றால் நுளம்பு பகலில் கடிக்கிறது, தேங்கிய தெளிந்த தண்ணீரில் முட்டையிடுகிறது; பூச்சாடியும் பாவிக்காத சீமெந்துத் தொட்டியும் வைத்திருக்கும் பெரிய வீடுதான் நோயின் வீடாகிறது. வர்க்கம் பற்றிய கதைக்கு இதுவும் வாய்ப்பானது.

முதல் நாவலுக்கு வாந்திபேதிதான் (கொலரா) வசதி. எல்லாம் கிழமைக் கணக்கில் முடிந்துவிடும். தொற்றிய சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் தொடங்கும். கஞ்சித்தண்ணிபோல் கழிச்சல், வாந்தி, கெண்டைக்காலில் இழுப்பு, குழிவிழுந்த கண், கம்மிய குரல். தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படியாமல் மடிப்பாகவே நிற்கும். கடுமையாக வந்தவரைக் கவனிக்காமல் விட்டால் பாதிப்பேர் வரை இறக்கக்கூடும். இழந்த நீரைக் குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருந்தால் நூற்றில் ஒருவரையும் இழக்கத் தேவையில்லை. எழுத்தாளருக்கு மிகவும் பயன்படும் இன்னொன்று: கிருமி புகுந்தவர் பலருக்கு ஒரு குணங்குறியும் தெரியாது, ஆனால் பத்து நாள் வரை மலத்தோடு கிருமி போய்க்கொண்டிருக்கும். சுகதேகியாக நடமாடும் ஒருவர் ஊருக்கே நோய் கொடுக்கலாம், அவருக்கே தெரியாமல்.

உடலின் நீர் வற்றும்போது விரல் நுனிகள் சுருங்கி வெளுத்துப்போகும். மருத்துவத்தில் அதற்குத் துணி வெளுப்பவரின் கை என்றே பெயர். ஆயுளில் ஒரு துணி கசக்காத ஒருவரின் கை, கட்டிலில் கிடந்து அந்தக் கையாக மாறுவதை ஒரு பிள்ளை பார்க்கிறது என்று வையுங்கள். விளக்கவுரை எதுவும் எழுதாமல் அடுத்த வசனத்துக்குப் போய்விடுங்கள்.

தெரிவுசெய்ததும் ஒரு கடதாசியில் எழுதி மேசைக்கு முன் ஒட்டுங்கள்: எங்கிருந்து வந்தது, எவ்வழியாக உடம்புக்குள் போகிறது, எத்தனை நாளில் தெரியவரும், என்ன வரிசையில் குணங்குறிகள், எத்தனை நாள் தொற்றும், பிழைத்தவருக்குத் திரும்ப வருமா, எது உதவும், எது உதவாது. கதை எழுதி முடியும் வரை இந்த எட்டு விடையையும் மாற்றக்கூடாது.

பெயர் வைக்கும்போது ஊர்வழக்கைக் கவனியுங்கள். நம்மிடம் கொப்புளிப்பான், சின்னமுத்து, கூகைக்கட்டு, நெருப்புக் காய்ச்சல், செங்கண்மாரி, குக்கல் என்று நோய்களுக்கு அழகான பெயர்கள் உண்டு. பெரும்பாலும் கண்ணால் கண்டதையோ காதால் கேட்டதையோ சொல்கிற பெயர்கள். கொப்புளிப்பான் என்ற அச்சிலேயே "உலர்வான்" என்று வைக்கலாம். வெள்ளையாகக் கழிவதால் "வெள்ளோட்டம்" என்று வைக்க ஆசை வரும். வேண்டாம், வாசிக்கிற பிள்ளைக்குப் புதுத்தேர்தான் ஞாபகம் வரும்.

முதற் படம்: தண்ணீர்

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறவருக்கு இங்கே ஒரு வாய்ப்பு. வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லாத, சுண்ணக்கல்லின் மேல் இருக்கும் நிலம். குடிக்கவும் குளிக்கவும் தோட்டம் இறைக்கவும் கிணறு. கல்லுக்குள் வெடிப்பும் பொந்தும் இருக்கின்றன. புத்தூர் நிலாவரையையும் கீரிமலைக் கேணியையும் பார்த்த பிள்ளைக்கு நிலத்துக்குக் கீழே தண்ணீர் வழி வைத்திருக்கிறது என்பதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி இருக்கவேண்டும் என்பார்கள். மண்ணில் அது சரி. கல்லில் ஒரு வெடிப்பு நேராகக் கிணற்றுக்கு ஓடினால் 50 அடியும் ஒன்றுதான், 5 அடியும் ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாத இந்த வழிதான் மந்திரமில்லாத நாவலின் மர்மம்.

ஒரு மாதிரிக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்போம். சுண்ணத்தீவு என்றொரு நாடு. அங்கே பனையேறுவோர் உயர்ந்தவர்கள், பெயர் ஏறுவார்; வானத்துக்குக் கிட்டப் போகிறார்களாம். தோட்டத்துக்குத் துலா மிதித்துத் தண்ணீர் இறைப்பவர்களும் துணி வெளுப்பவர்களும் இறைப்பார்; பாதாளத்துத் தண்ணீரோடு புழங்குவதால் தாழ்ந்தவர்களாம். இங்குள்ள ஏணியை அப்படியே தூக்கி அங்கே வைக்காமல் தலைகீழாகப் பிடித்தால்தான், எந்த ஏணிக்கும் காரணம் பிறகுதான் கண்டுபிடிக்கப்படுகிறது என்பது பிள்ளைக்குப் புரியும். பெயர் வைக்கும்போது உண்மையான சாதிப் பெயர் எதுவும் தற்செயலாக வந்துவிடாமல் பாருங்கள். கடற்கரையில் இருப்பவர்கள்தானே என்று கரையார் என்று எழுதிவிட்டால் கற்பனை நாடு அந்த இடத்திலேயே முடிந்துபோகும்.

ஊரில் இரண்டு கிணறு. மேட்டுவீதியில் நல்ல தண்ணிக் கிணறு, ஏறுவாருக்கு மட்டும். கீழ்த்தெருவில் சவர்த் தண்ணிக் கிணறு, இறைப்பாருக்கு. நாள் 1, வள்ளத்தில் ஒரு விருந்தாளி பெரிய வீட்டுக்கு வருகிறார். நாள் 2, அவருக்குக் கழிச்சல், வீட்டார் மறைக்கிறார்கள். அந்த வீட்டில் புதிதாகக் கல் உடைத்துக் குழி வெட்டியிருக்கிறார்கள், ஊரிலேயே முதல் மலசலகூடம், பெரிய பெருமை. நாள் 5, கல்வெடிப்பு வழியாகக் கிருமி நல்ல கிணற்றுக்குள். நாள் 6, 7 இல் மேட்டுவீதியில் மூன்று வீட்டில் நோய். கீழ்த்தெருவில் ஒருவருக்கும் இல்லை.

இதோ, இரண்டாவது படம் தொடங்கும் இடம். ஒதுக்கிவைத்ததால் தப்பியவர்களைப் பார்த்து, "அவங்களுக்கு மட்டும் ஏன் வரேல்ல? அவங்கள்தான் ஏதோ போட்டிருக்கிறாங்கள்" என்று பேச்சுக் கிளம்புகிறது. இது எழுத்தாளரின் மிகைப்படுத்தல் இல்லை. 1348, 1349 இல் ஐரோப்பாவில் கறுப்புச் சாவு என்ற கொள்ளைநோய் பரவியபோது, யூதர்கள் கிணற்றில் நஞ்சு கலந்தார்கள் என்று சொல்லி ஊர் ஊராகக் கொன்றார்கள்.

ஆனால் இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் பெரிய பிழை. ஒதுக்கிவைப்பது காப்பாற்றும் என்ற எண்ணம் பிள்ளையின் மனதில் நின்றுவிடும். உண்மையில் தண்ணீரும் வைத்தியமும் எட்டாதவர்களைத்தான் கொள்ளைநோய் அதிகம் தின்கிறது. ஆகவே மாதிரிக் கதையில் நாள் 16 இல் மாரி மழை தொடங்குகிறது. நிலத்தடி நீர் உயர்கிறது. நாள் 18 இல் சவர்க் கிணறும் கெட்டுவிடுகிறது. மேட்டுவீதிக்கு வைத்தியர் வந்தார், கீழ்த்தெருவுக்கு வருவதில்லை. கதையின் இரண்டாம் பாதி அங்கேதான் கனக்கிறது.

துப்பு: விலகி நிற்கும் இரண்டு பேர்

இலண்டனில் 1854 இல் புரோட் வீதியைச் சுற்றி வாந்திபேதி பரவியபோது ஜோன் சினோ என்ற வைத்தியர் வீடு வீடாகப் போய்ச் செத்தவர்களை எண்ணி, அநேகமாக எல்லாம் ஒரு தண்ணீர்ப் பம்பைச் சுற்றியிருக்கக் கண்டார். செப்டெம்பர் 8 ஆம் திகதி பம்பின் கைபிடி கழற்றப்பட்டது. ஜேர்மன் வைத்தியர் கொக் வாந்திபேதிக் கிருமியை விளக்கமாகக் காட்டியது அதற்கு முப்பது வருடம் பிந்தி, 1884 வாக்கில். அதாவது நுணுக்குக்காட்டி இல்லாமலே, எண்ணத் தெரிந்தால் போதும், நோயின் வழியைப் பிடிக்கலாம். உங்கள் கதாநாயகப் பிள்ளைக்கு இது போதிய தைரியம்.

சினோவின் கணக்கை உறுதியாக்கியது கூட்டத்தோடு சேராத ஆட்கள்தான். பம்புக்குப் பக்கத்திலேயே பியர் வடிக்கும் ஆலை. அங்கே வேலைசெய்தவர்கள் பியர் குடித்ததால் தப்பினார்கள். பல மைல் தள்ளி ஹாம்ஸ்ரெட்டில் இருந்த ஒரு விதவை செத்தார். அந்தப் பம்புத் தண்ணீரின் ருசி பிடித்து அவர் அதைத் தன் வீட்டுக்கு எடுப்பித்துக் குடித்தவர்.

உங்கள் ஊருக்கும் இப்படி இரண்டு பேர் வேண்டும். சுண்ணத்தீவில் முதலாமவர், தண்ணீரே தொடாமல் கள்ளிலேயே காலம் தள்ளும் மேட்டுவீதிச் சித்தப்பா. வீட்டில் எல்லாரும் விழ, அவர் மட்டும் திண்ணையில் பாடிக்கொண்டிருக்கிறார். இரண்டாமவர் கீழ்த்தெருவில், மழைக்கு முன்பே, நாள் 9 இல் விழும் ஒரே ஆள், ஒரு கிழவி. ஏன் அவர் மட்டும்? மேட்டுவீதிச் சிறுமி ஆவரை, பத்து வயது, அந்த ஆச்சியில் அன்பு வைத்து, ஒவ்வொரு பின்னேரமும் யாருக்கும் தெரியாமல் ஒரு செம்பு நல்ல தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தவள். கிணறுதான் காரணம் என்று அவள் நிரூபிக்க வேண்டுமானால் சட்டத்தை மீறியதையும், தன் கையாலேயே ஆச்சிக்கு நோய் போனதையும் சபையில் சொல்ல வேண்டும். 20 ஆவது அத்தியாயத்துக்கு வேறு சண்டைக்காட்சி தேவையில்லை.

துப்புத் தேடும் இரண்டாவது பிள்ளை கீழ்த்தெருவில் இருக்கட்டும், அவனுக்கென்று தனி அறிவு இருக்கட்டும். குருகனின் தாய் துணி வெளுப்பவர். எந்தத் துணி எந்த வீடு என்று அறிய மூலையில் சேங்கொட்டைச் சாற்றால் குறி போடுவது வழக்கம். அந்தக் கறை தோய்த்தாலும் போகாது. வழமையாகக் கிழமைக்கு இரண்டு விரிப்பு வரும் வீட்டிலிருந்து ஒரே நாளில் ஒன்பது வந்தால், வைத்தியருக்கு முன்பே அவனுக்குத் தெரியும். குறிகளை வீட்டு வரிசையில் மணலில் கீறிப் பார்க்கும்போது முதற் படம் அவன் கையில் இருக்கிறது. ஆவரைக்குக் கிணற்றடிக்குப் போக முடியும். குருகனுக்கு எல்லா வீட்டுப் பின்வாசலும் தெரியும். ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இல்லை. மேல்வீட்டுப் பிள்ளை இரங்கிவந்து கீழ்வீட்டாரைக் காப்பாற்றும் கதையாக வழுக்கிவிடாமல் பிடித்துவைப்பது இந்தச் சமன்தான்.

அந்த வெளுக்கும் தொட்டியில் நோயாளியின் விரிப்பைக் கசக்குபவருக்கும் தொற்றலாம் என்பதை மறக்கவேண்டாம். குருகனின் தாயைக் கதை முடியும் வரை சும்மா நடமாட விட்டால் உங்கள் எட்டு விடையில் ஒன்று பொய்யாகிவிடும்.

இரண்டாம் படம்: பழி

ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியில் இடப்பக்கம் நோயின் நாட்கள், வலப்பக்கம் அதே நாளில் ஊர் என்ன சொன்னது என்று எழுதுங்கள். பழியும் தொற்றுநோய்போல ஒழுங்கோடுதான் வளர்கிறது. முதலில் ஒரு பார்வை, பிறகு ஒரு பகிடி, பிறகு ஒரு வதந்தி, பிறகு கட்டளை, கடைசியில் கைவைப்பு. நாள் 7 இல் பகிடி, நாள் 8 இல் குடிசை கொளுத்துவது என்று பாய்ந்தால் வாசகர் நம்பார். கட்டளைதான் மிகவும் பயங்கரமான படி, ஏனென்றால் அது நல்லவர்கள் போடுவது. "எல்லாருடைய சுகத்துக்காகவும்" என்று தொடங்கும். 2020 இல் கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று இலங்கையில் ஆணை வந்தது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், முஸ்லிம்கள் தங்கள் குழந்தையின் உடலைக்கூடப் புதைக்க முடியாமல் 2021 பெப்ரவரி வரை இருந்தார்கள். அந்த ஆணையும் சுகாதாரத்தின் பெயரில்தான் நின்றது.

ஒவ்வொரு வதந்தியின் பக்கத்திலும் இன்னொரு கேள்வியை எழுதுங்கள்: இதனால் யாருக்கு இலாபம்? கீழ்த்தெருவைக் காலிசெய்தால் அந்தக் காணி யாருக்கு? கேள்விக்கு விடை இல்லாத வதந்தியை வெட்டிவிடலாம். ஆனால் யாரோ ஒரு வில்லன் வேண்டுமென்று கிருமியைக் கலந்தான் என்று மட்டும் முடிக்காதீர்கள். கெட்டவன் ஒருவனைப் பிடித்தால் ஊர் முழுக்கச் சுத்தமாகிவிடுகிறது. நீங்கள் எழுத வந்தது ஊரைப் பற்றி.

வைத்தியரை நேர்மையானவராக வையுங்கள், ஆனால் பிழையான கொள்கையோடு. 1854 இலும் பெரும்பாலான இலண்டன் வைத்தியர்கள் துர்நாற்றம்தான் நோய் என்று நம்பினார்கள். கீழ்த்தெருவில் சவர்த் தண்ணியும் துணி அவிக்கும் காரமும் மணக்கும், ஆகவே நோய் அங்கிருந்துதான் என்று அவர் மனதார நம்புகிறார். வியன்னாவில் 1847 இல் செமல்வைஸ் என்ற வைத்தியர் மற்ற வைத்தியர்களைக் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் சொன்னார்; பிள்ளைப்பேற்று விடுதியில் சாவு குறைந்தது, ஆனாலும் தங்கள் கைதான் காரணம் என்பதைப் பலர் ஏற்க மறுத்தார்கள். அந்த மறுப்பை உங்கள் வைத்தியரின் முகத்தில் காட்டலாம்.

முடிவில் அரசன் ஒரு கட்டளை போட்டு எல்லாரும் ஒரே கிணற்றில் அள்ளினார்கள் என்று எழுதுவதும் பொய். இங்கே, சாதியைக் காட்டிப் பொது இடத்தில் ஒருவரை மறிப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இல் வந்தது. அதற்குப் பதினொரு வருடம் கழித்து, 1968 இலும், ஒடுக்கப்பட்ட சாதியாரை மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் விடச் சொல்லிச் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்தது. உங்கள் கதையில் கிணறு திறக்கட்டும். யார் முதல் வாளி அள்ளினார், யார் அன்றைக்கு வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார் என்பதையும் எழுதுங்கள்.

மொழி

வர்க்கத்தைக் காட்ட நமக்கு இருக்கும் கருவி பல மொழிகளில் இல்லை. யாழ்ப்பாணப் பேச்சில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி. யார் யாருக்கு எதைச் சொல்கிறார் என்பதை ஒரு பட்டியலாக முதலிலேயே எழுதிவைத்து, கதை நெடுகக் காரணமில்லாமல் மாறாமல் பாருங்கள். நல்ல தண்ணிக் கிணற்றடியில் ஆவரையும் ஒரு கீழ்த்தெருக் கிழவரும்:

"அவள் வாளியைச் சரித்தாள். கீழே குந்தியிருந்தவர் இரண்டு கையையும் குவித்து வாய்க்கு நேரே பிடித்தார். தண்ணி முழங்கையால் வழிந்து மண்ணில் விழுந்தது. 'வாளியில கை படாமல் குடி,' என்றாள். அவளுக்கு வயது பத்து. அவருக்கு மூன்று பேரப்பிள்ளைகள்."

"குடி" என்ற ஒரு சொல் இங்கே செய்கிற வேலையை இரண்டு பக்க விளக்கம் செய்யாது. அவள் கொடுமைக்காரி இல்லை, தாகத்துக்குத் தண்ணி வார்க்கிறாள். அப்படித்தான் பேசப் பழகியிருக்கிறாள். 17 ஆவது அத்தியாயத்தில் அதே கிணற்றடியில், அதே கிழவரிடம், "குடியுங்கோ அப்பு" என்று அவள் வாயில் வரட்டும். அதை யாரும் கவனித்ததாக எழுதவேண்டாம். வாசிக்கிற பிள்ளை கவனிக்கும்.

பெயரிலும் இதே வேலை. மேட்டுவீதியில் குழந்தைக்குக்கூட முழுப்பெயர், கீழ்த்தெருவில் கிழவருக்கும் அரைப்பெயர். குருகனுக்குத் தாய் வைத்த பெயர் குருகநம்பி என்பது கடைசிக்குக் கிட்டத் தெரியவரட்டும்.

விவரணை எளிய எழுத்துத் தமிழில், உரையாடல் பேச்சுத் தமிழில் இருந்தால் போதும். இரண்டு தெருவுக்கும் இரண்டு விதமான பேச்சு வைத்து, கீழ்த்தெருப் பேச்சை மட்டும் கொச்சையாக எழுதினால், கதை எதைச் சாடுகிறதோ அதையே எழுத்து செய்துவிடும். வைத்தியச் சொற்களுக்குப் பழைய வாசனை வேண்டுமென்றால், 1847 இல் வந்து மானிப்பாயில் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் படிப்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் காலத்து மொழிபெயர்ப்புகளைப் பாருங்கள். இரணவைத்தியம் (சத்திரசிகிச்சை), கெமிஸ்தம் (இரசாயனம்) போன்ற சொற்கள் கற்பனை நாட்டில் அச்சொட்டாகப் பொருந்தும். நூலகம் எண்ணிம நூலகத்தில் பழைய ஈழத்து நூல்கள் பல இலவசமாக வாசிக்கலாம். 1841 இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகை கிடைத்தால் அந்தக் காலத்து ஊர்ச்செய்தி எழுதும் தோரணையும் பிடிபடும்.

சாவும் கஞ்சியும்

சாவை மறைக்கவேண்டாம், எண்ணிக்கையாக மட்டும் வைக்கவும் வேண்டாம். பெயரும் பழக்கவழக்கமும் தெரிந்த இரண்டு பேராவது இறக்க வேண்டும், மேட்டுவீதியில் ஒருவர், கீழ்த்தெருவில் ஒருவர். கீழ்த்தெருப் பிள்ளை ஒன்றைச் சாகவிட்டு மேட்டுவீதியார் மனம் திருந்தினார்கள் என்று எழுதுவது பழகிய தந்திரம். ஒரு பிள்ளையின் உயிர் இன்னொருவரின் திருந்தலுக்கு விலையாகிவிடுகிறது. செய்யாதீர்கள்.

காப்பாற்றும் காட்சியில்தான் மந்திரம் பின்கதவால் நுழையும். அதற்கு மறிப்பு, வேலையின் அலுப்பைக் காட்டுவது. கடுமையான வாந்திபேதியில் மணிக்கு ஒரு லீற்றர் வரை நீர் வெளியேறலாம். இன்றைய வீட்டு அளவு: கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றர், தலைதட்டிய தேக்கரண்டியால் சீனி 6, உப்பு அரைத் தேக்கரண்டி. உப்புக் கூடினால் ஆபத்து. கதையிலும் ஒருவர் கூட்டிப் போட்டுப் பிழைவிடலாம். சீனி இல்லாத நாட்டில் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சித்தண்ணியும் அதே வேலையைச் செய்யும். 1971 இல் வங்க அகதிகள் வந்து குவிந்த, இந்தியாவின் மேற்கு வங்கத்திலுள்ள போங்கான் முகாமில் ஏற்றுவதற்குச் சேலைன் முடிந்துபோக, வைத்தியர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரை நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துப் பருக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 அளவில் இருந்த சாவு 4 இலும் கீழே இறங்கியது. வைத்தியரல்லாத ஒருவர், ஏன் ஒரு பிள்ளையும், செய்யக்கூடிய வேலை இது. ஒரு கரண்டி, ஒரு நிமிடம் பொறுத்து இன்னொரு கரண்டி, வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுத் திரும்பவும். விடியும் வரை. நித்திரை தூங்கி விழுந்த பிள்ளையின் கையிலிருந்து கரண்டியை வாங்குவது யார் என்பதை யோசித்து எழுதுங்கள்.

வாசித்துப் பார்த்தல், அச்சு

முதல் வரைவு முடிந்ததும் சனசமூக நிலையத்தில் ஐந்தாறு பிள்ளைகளை இருத்தி, நாளைக்கு இரண்டு அத்தியாயம் உரக்க வாசியுங்கள். "பிடிச்சதோ?" என்று கேட்கவேண்டாம், ஓம் என்றுதான் சொல்வார்கள். ஆறாவது அத்தியாயம் முடிய ஒரு வெள்ளைக் கடதாசி கொடுத்து ஊரைக் கீறச் சொல்லுங்கள். இரண்டு கிணறும் இரண்டு தெருவும் சரியாக விழாவிட்டால் உங்கள் இடவிவரணை போதாது. பன்னிரண்டாவதில், "எந்தக் கிணற்றில் குடிப்பாய்?" என்று கேளுங்கள். எல்லாரும் இப்போதே சவர்க் கிணறு என்றால் துப்புக் கூடிவிட்டது, ஒருவருமே சொல்லாவிட்டால் குறைந்துவிட்டது. பாதிக்குப் பாதி பிரிந்து சண்டைபிடித்தால் கையை வைக்காதீர்கள். நோய் பற்றிய பகுதிகளை மட்டும் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவரிடம் காட்டுங்கள். கிணறு, குழி, மழை மூன்றும் அவருக்கு அன்றாட வேலை.

அச்சுக்குப் போகும்போது டெமி எட்டிலொன்று அளவு, 14 புள்ளி எழுத்து. பக்கத்துக்கு 200 சொல் அளவில் விழும். 26,000 சொல்லுக்கு 130 பக்கம், படங்களோடு 144. பதினாறு பக்கம் ஒரு போமம் என்பதால் 144 என்பது ஒன்பது போமத்தில் மிச்சமில்லாமல் முடியும். 147 பக்கமாக வந்தால் மூன்று பக்கத்தை வெட்டுங்கள், இல்லாவிட்டால் பதின்மூன்று வெற்றுப் பக்கத்துக்குக் காசு கொடுப்பீர்கள். நூலுக்கான சர்வதேச நியம எண்ணை (ISBN) கொழும்பிலுள்ள தேசிய நூலகத்தில் முன்கூட்டியே எடுத்துவையுங்கள். அட்டை அச்சாகிய பிறகு எடுத்து ஒட்டும் நூல்கள் கடையில் அலங்கோலமாகத் தெரியும்.

முன் உள்ளட்டையில் ஊரின் படம் போடுவது பிள்ளைகளுக்கு விருப்பம். இரண்டு கிணறு, இரண்டு தெரு, பனங்கூடல், வள்ளத்துறை எல்லாம் போடுங்கள். பெரிய வீட்டுக் குழியைப் போடவேண்டாம். அது பின் உள்ளட்டைப் படத்தில், கல்வெடிப்புக் கோட்டோடு வரட்டும்.